உருக்கும் முன் உரைத்தறிக

பெரகலச் சந்தியிலிருந்து ஒரு பாதை அப்புத்தளைக்கு ஏறுகின்றது. மற்றொன்று வெல்லவாயவுக்கு இறங்குகின்றது. இம்மலைச்சாரல்களின் தோட்ட வீடுகளில், பாட்டி விட்டுச்சென்ற வெள்ளித் தண்டையோ, ரூபாய் நாணயங்கள் கோத்த மாலையோ, துரை பங்களாவில் புழங்கிக் கைமாறி வந்த தேநீர்க் கலனோ பெட்டியின் அடியில் இன்றும் கிடத்தல் கூடும். மகளின் படிப்புக்குப் பணம் தேவைப்படும் நாளில், அதனை உருக்கிவிட எண்ணுவது இயல்பே. ஆயினும் நெருப்பிலிட்டபின் முத்திரையும் அழியும், வேலைப்பாடும் அழியும். எஞ்சுவது பெயரற்ற கட்டியே. ஆதலின் சோதனை முந்துதல் வேண்டும்.

முதலில் முத்திரையைத் தேடுக. இங்கிலாந்தின் வெள்ளிக் கலன்களில் காணப்படும் நடக்கும் சிங்கத்தின் உரு, ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி உண்டெனக் காட்டுவது. ‘ஈ.பி.என்.எஸ்.’ என்னும் எழுத்துகள் இருப்பின் அது முலாம் பூசிய கலன். 1840இல் பர்மிங்காம் நகரத்து எல்கிங்டன் குடும்பத்தார் மின்முலாம் பூசும் முறைக்குக் காப்புரிமை பெற்றபின் இவை பெருகின. உள்ளே இருப்பது செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்த ‘ஜெர்மன் வெள்ளி’. பெயரிலன்றி அதில் வெள்ளி இல்லை.

நாணயமாயின் ஆண்டைப் பார்க்க. விக்டோரியா அரசியின் இந்திய ரூபாயில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. 1940களின் தொடக்கத்தில் அது பாதியாயிற்று. 1947ஆம் ஆண்டின் ரூபாயோ நிக்கல். காந்தம் அதனை இழுக்கும். எனினும் காந்தம் இழுக்காதன யாவும் வெள்ளியென்று கொள்ளலாகாது. செம்பையும் பித்தளையையும்கூட அது இழுப்பதில்லை.

அடுத்து நீர்ச் சோதனை. பொருளை நிறுத்தபின், நூலில் கட்டி நீரில் முழுதும் அமிழ்த்தி மீண்டும் நிறுக்க. 105 கிராம் வெள்ளி, நீரில் ஏறத்தாழ 10 கிராம் குறைந்து காட்டும். ஜெர்மன் வெள்ளி 12 கிராம் குறையும். உள்ளே அரக்கோ காற்றோ அடைபட்ட பொருளுக்கு இது பொருந்தாது.

ஐயம் நீங்காவிடில் பொற்கொல்லரை நாடுக. அவர் மறைவான ஓரிடத்தில் சிறிது அராவி, நைத்திரிக் அமிலம் ஒரு துளி இடுவார். பச்சை நிறம் பொங்கினால் உள்ளே மட்ட உலோகம். இந்த அமிலம் தோலைச் சுட்டுவிடும், வீட்டில் கையாளற்க.

இவற்றின் பின்னும் உருக்கத் துணிந்தால், முன்னரே எடையைக் குறித்துக்கொண்டு, கண்முன்னே உருக்கச் செய்க. தண்டையைக் காப்பதும் உருக்குவதும் குடும்பத்தாரின் உரிமை. அம்முடிவு அறிந்து எடுத்ததாக இருத்தலே, அதனைச் சேர்த்துவைத்த உழைப்புக்குச் செய்யும் மரியாதையாகும்.