சானாவுக்குள்ள கம்பளித் தொப்பி எதுக்கு?

இந்த எபிசோடை நான் தென்காசியில இருந்து ரெக்கார்ட் பண்றேன். வெளிய சாரல் அடிச்சுக்கிட்டு இருக்கு, பின்னாடி சத்தம் கேட்டா கண்டுக்காதீங்க. இன்னைக்கு டாபிக் ஒரு தொப்பி. வெயிலுக்குப் போடற தொப்பி இல்ல, சானாவுக்குள்ள போடற தொப்பி.

அபார்ட்மென்ட் கிளப் ஹவுஸ், ஜிம், ரிசார்ட்னு எல்லா இடத்துலயும் சானா ரூம் வந்துடுச்சு. கூடவே கம்பளித் தொப்பி விளம்பரமும் நம்ம ஃபோனுக்கு வருது. எங்க ஃப்ரெண்ட்ஸ் குரூப்ல ஒருத்தன் கேட்டான்: "வேகுற சூட்டுல கம்பளியை வேற தலையில போடணுமாடா?" நல்ல கேள்வி. அதுக்குத்தான் இந்த எபிசோட்.

முதல்ல காரணம். சூடான காத்து மேல ஏறும். சானால பலகை மேல உட்கார்ந்தா, நம்ம உடம்புல ரொம்பச் சூடான இடத்துல இருக்கிறது தலைதான். ஃபின்லாந்து ஸ்டைல் சானால காத்து 80, 90 டிகிரி செல்சியஸ் வரைக்கும் போகும். தரைப் பக்கம் அதைவிட நிறையக் கம்மி. அதனாலதான் உடம்பு இன்னும் சரியா வேர்க்கிறதுக்குள்ள காது நுனி எரிய ஆரம்பிக்குது.

கம்பளி தானாச் சூடு குடுக்காது. அதுக்குள்ள மாட்டியிருக்கிற காத்து, சூடு ஒரு பக்கத்துல இருந்து இன்னொரு பக்கம் போறதைத் தாமதப்படுத்துது, அவ்வளவுதான். ஐஸ் கட்டியை மரத்தூள் போட்டுச் சாக்குல சுத்தி வைப்பாங்களே, அதே வேலை. ஊட்டியில அது உங்க சூட்டை வெளிய விடாது, சானால வெளிச்சூட்டை உள்ள விடாது. ரஷ்யாக்காரங்க பான்யான்னு ஒரு வெந்நீராவிக் குளியல் வச்சிருக்காங்க. அங்க இந்தத் தொப்பி ரொம்பச் சாதாரணமான விஷயம்.

ஆனா காசு குடுக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு பாருங்க. உங்க ஜிம்ல இருக்கிறது சானாவா, ஸ்டீம் ரூமா? நம்ம ஊர்ல ரெண்டையும் ஒரே பேர்லதான் சொல்றாங்க. மரப்பலகை, மூலையில கல்லு அடுக்கின ஹீட்டர், காய்ஞ்ச காத்துன்னா அது சானா. டைல்ஸ் சுவர், கண்ணை மறைக்கிற புகை மாதிரி ஆவின்னா அது ஸ்டீம் ரூம். அங்க சூடு 45 டிகிரி கிட்டத்தான், ஆனா ஈரப்பதம் கிட்டத்தட்ட 100 சதவீதம். வேர்வை ஆவியாகாது, அதனால கம்மிச் சூடே நம்மள அமுக்கிடும். அங்க தொப்பி பெருசா எதுவும் பண்ணாது, நனைஞ்சு கனமாத் தொங்கும். ஸ்டீம் ரூம்தான்னா தொப்பிக் காசு மிச்சம்.

சானாதான்னா எப்படிப் பார்த்து வாங்கறது? துணி முழுக்க கம்பளியா இருக்கணும். நெய்ததைவிட, அழுத்தித் தட்டி செஞ்ச ஃபெல்ட் நல்லது. பாலியெஸ்டர் கலந்தது வேண்டாம். மூணு, நாலு மில்லிமீட்டர் தடிமன் போதும். காதோட மேல்பாதி மூடணும், நெத்தியை இறுக்கக் கூடாது. இரும்புப் பட்டன், பிளாஸ்டிக் லோகோ, பசை போட்டு ஒட்டின பேட்ஜ் எதுவும் இருக்கக் கூடாது. அந்தச் சூட்டுல இரும்பு தோலைச் சுடும், பசை இளகும். சாயம் போடாத வெள்ளை, சாம்பல் கலர்னா வேர்வையில கலர் இறங்கி நெத்தியில வழியாது.

தலையை முதல்ல தண்ணியில நனைச்சுட்டுத் தொப்பி போடுங்க. நம்ம ஊர் ஆளுங்களுக்கு ஒரு எக்ஸ்ட்ரா குறிப்பு: தலை நிறைய எண்ணெய் வச்சுக்கிட்டு போடாதீங்க. ஃபெல்ட்ல ஏறின எண்ணெய் போகவே போகாது, நாள் ஆனா வாடை வரும். துவைக்கிறது கையாலதான், வெதுவெதுப்பான தண்ணியில. வாஷிங் மெஷின்ல போட்டா உங்க தொப்பி பக்கத்து வீட்டுக் குழந்தைக்குத்தான் ஆகும். முறுக்கிப் பிழியாம, அழுத்தித் தண்ணியை எடுத்து நிழல்ல காயப்போடுங்க. ஜிம்ல பொதுவா வச்சிருக்கிற தொப்பியை எடுத்து மாட்டிக்காதீங்க.

"ஒரு ஈரக் குற்றாலத் துண்டைத் தலையில கட்டிக்கிட்டாப் போதாதா?" போதும். காய்ஞ்ச சானால ஈரத்துண்டு ஆவியாகி ஆவியாகிக் குளிர்ச்சி குடுக்கும். மெல்லிசுத் துண்டுங்கிறதால சீக்கிரம் காய்ஞ்சிடும், அவ்வளவுதான் பிரச்சினை. மாசத்துக்கு ஒரு தடவை போறவங்களுக்குத் துண்டு, வாரா வாரம் போறவங்களுக்குத் தொப்பி. இது என் கணக்கு.

இப்ப குற்றாலத்துக்கு வருவோம். இங்க ஆயில் மசாஜ் முடிஞ்சதும் நீராவிக் குளியல் போடற இடங்கள் உண்டு. மரப்பெட்டிக்குள்ள உட்கார வைப்பாங்க, கழுத்துக்கு ஒரு ஓட்டை, தலை வெளிய. ஒரு மசாஜ் அண்ணாச்சிகிட்ட ஏன்னு கேட்டேன். "உடம்புக்குத்தான் வேர்வை தம்பி, தலைக்கு என்னத்துக்கு?"ன்னாரு. இது பழைய யோசனைதான். வேர்க்க வைக்கிற சிகிச்சையைப் பத்திப் பேசற சரக சம்ஹிதையே கண்ணையும் இதயத்தையும் சூட்டுல இருந்து காப்பாத்தச் சொல்லுது.

அந்தப் பெட்டிக்கும் தொப்பிக்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் இருக்கு. பெட்டியில தலை வெளிய இருக்கிறதால அண்ணாச்சி உங்க முகத்தைப் பார்க்கறாரு. முகம் சிவந்தாலோ கண்ணு சொருகினாலோ கதவைத் திறந்துடுவாரு. சானால நீங்க தனி ஆள். அங்க உங்களுக்கு இருக்கிற முதல் அலாரமே தலையில அடிக்கிற சூடுதான். தொப்பி போட்டா அந்த அலாரம் சத்தம் குறைஞ்சிடும்.

என் வேலைப் பாஷையில சொன்னா, நோட்டிஃபிகேஷனை மியூட் பண்ணிட்டோம், சர்வர் இன்னும் சூடாகிட்டேதான் இருக்கு. கையும் காலும் மார்பும் சூட்டை உள்ள வாங்கிக்கிட்டே இருக்கு, ரத்தத்தோட சூடு ஏறுது. தலை மட்டும் "எனக்கு ஒண்ணுமில்லையே"ங்குது. "தொப்பி போட்டா இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாம்"னு விளம்பரம் சொல்றது உண்மைதான். அதுதான் ஆபத்தும்.

சானா தெரிஞ்ச ஊர்லயே இது நடந்திருக்கு. ஃபின்லாந்துல 55 லட்சம் பேருக்கு 30 லட்சத்துக்கு மேல சானா. 2020ல யுனெஸ்கோ அவங்க சானாப் பண்பாட்டைப் பட்டியல்ல சேர்த்துச்சு. அதே நாட்டுல ஹெய்னோலாங்கிற ஊர்ல, யார் அதிக நேரம் தாங்கறாங்கன்னு 1999ல இருந்து உலகப் போட்டி நடத்தினாங்க. 2010 இறுதிப் போட்டியில, 110 டிகிரி சூட்டுல ஒரு போட்டியாளர் இறந்துட்டாரு, இன்னொருத்தர் ஆஸ்பத்திரிக்குப் போனாரு. அதோட போட்டியையே நிறுத்திட்டாங்க. தாங்கறது வேற, பாதுகாப்பா இருக்கிறது வேற.

இதுக்கு நம்ம பேரருவியைப் பாருங்க. சுமார் 60 மீட்டர் உயரத்துல இருந்து வர்ற தண்ணி நேரா நம்ம தலையில விழுந்தா யாரும் நிக்க முடியாது. நடுவுல பொங்குமாங்கடல்னு பாறையில ஒரு ஆழமான பள்ளம். தண்ணி முதல்ல அதுல விழுந்து, வேகம் குறைஞ்சு, பொங்கி வழிஞ்சுதான் நம்ம மேல வருது. பொங்குமாங்கடல்தான் அருவியோட தொப்பி. ஆனா குற்றாலத்துக்காரங்க அதை மட்டும் நம்பறது இல்ல. கீழ ஒரு பாதுகாப்பு வளைவு இருக்கு. தண்ணி அந்த வளைவைத் தாண்டிக் கொட்டினா குளிக்கத் தடை. "நான் தாங்குவேன் சார்"னு சொன்னாலும் போலீஸ் விடமாட்டாங்க.

உங்க சானாவுக்கும் அப்படி ஒரு வளைவு வேணும். அது கடிகாரம். புதுசாப் போறவங்களுக்கு 5ல இருந்து 10 நிமிஷம், பழகினவங்களுக்கும் 15 நிமிஷத்துக்குள்ள. தொப்பி இருந்தாலும் இல்லாட்டாலும் அதே நேரம். மேல் பலகை வேண்டாம், கீழ் பலகையில ஆரம்பிங்க. தலை சுத்தினாலோ, குமட்டினாலோ, நெஞ்சு படபடன்னு அடிச்சாலோ நிமிஷம் பார்க்காம வெளிய வந்துடுங்க. சூட்டுல ரத்தக்குழாய் விரியும், பிரஷர் இறங்கும், அதனால படக்குன்னு எந்திரிக்காதீங்க. தண்ணி அடிச்சுட்டுப் போகவே கூடாது. அப்பா அம்மாவைக் கூட்டிட்டுப் போறீங்க, அவங்க பிரஷர் மாத்திரையோ இதய மாத்திரையோ சாப்பிடறாங்கன்னா, முதல்ல டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. தொப்பி அதுக்கு அப்புறம்.

தொப்பி வாங்கறவங்க வாங்குங்க. காது எரியாம நிம்மதியா உட்காரலாம், முடியும் காய்ஞ்சு போகாது. வெளிய வர்ற நேரத்தை மட்டும் அதுகிட்ட விடாதீங்க.

உங்க ஜிம்ல இருக்கிறது சானாவா ஸ்டீமான்னு போய்ப் பார்த்துட்டு எனக்கு ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.