ஒரு கடிதம் செய்த வேலை

(வளர்கல்வி மையக் கூட்டத்தில் பேசிய பேச்சு)

 

இன்றைய பேச்சு ஒரு கடிதத்தைப் பற்றியது. அந்தக் கடிதம் மேற்கு வங்காளத்திலிருந்து டெல்லிக்குப் போனது. போன இடம் சுப்ரீம் கோர்ட். அந்த ஒரு கடிதத்தால் நாட்டில் உள்ள எல்லாப் போலீஸ் நிலையங்களுக்கும் புதிய விதிகள் வந்தன.

சட்டம் என்றாலே பலருக்குப் பயம். "அதெல்லாம் வக்கீல் பார்க்கிற வேலை, நமக்கு எதற்கு?" என்பார்கள். ஆனால் வீட்டில் ஒருவரைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போகும்போது முதலில் நிற்பது வக்கீல் அல்ல. அம்மாவும் மனைவியும் அண்ணன் தம்பியும்தான் நிற்கிறார்கள். அந்த நேரத்தில் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்திருந்தால் ஓர் உயிர் பிழைக்கலாம். அதனால்தான் இந்தப் பேச்சு.

பத்திரிகையில் வந்த செய்தி

1986-ஆம் வருடம். கொல்கத்தாவை அப்போது கல்கத்தா என்று சொல்வார்கள். அந்த வருடம் ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் 'டெலிகிராஃப்', 'ஸ்டேட்ஸ்மன்', 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' பத்திரிகைகளில் சில செய்திகள் வந்தன. போலீஸ் லாக்கப்பில் ஆட்கள் இறந்துபோன செய்திகள் அவை.

ஆயிரக்கணக்கானவர்கள் அதைப் படித்திருப்பார்கள். "அடப் பாவமே!" என்று சொல்லிவிட்டுப் பேப்பரை மடித்து வைத்திருப்பார்கள். ஒருவர் அப்படி வைக்கவில்லை. அவர் பெயர் டி.கே.பாசு. மேற்கு வங்காளத்தில் சட்ட உதவி செய்யும் ஓர் அமைப்பின் நிர்வாகத் தலைவர்.

அவர் 1986 ஆகஸ்டு 26-ஆம் தேதி இந்தியாவின் தலைமை நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். பத்திரிகைச் செய்திகளையும் கூடவே வைத்தார். கடிதத்தில் அவர் கேட்டது இதுதான்: காவலில் இருப்பவர்களைக் காப்பாற்ற விதிகள் வேண்டும். இறந்தவரின் குடும்பத்துக்கு நஷ்டஈடு வேண்டும். தப்புச் செய்த அதிகாரி பதில் சொல்ல வேண்டும். "இந்தக் கடிதத்தையே வழக்காக எடுத்துக்கொள்ளுங்கள்" என்றும் கேட்டுக்கொண்டார்.

கடிதத்தை வழக்காக எடுப்பார்களா? எடுப்பார்கள். இதற்குப் பொதுநல வழக்கு என்று பெயர். தனக்காக மட்டும் இல்லாமல் ஊருக்காகவும் ஏழைகளுக்காகவும் கேட்கிற வழக்கு அது. சுப்ரீம் கோர்ட் அந்தக் கடிதத்தை வழக்காக ஏற்றுக்கொண்டது. 1987-இல் மேற்கு வங்காள அரசுக்கு நோட்டீஸ் போனது. "நாங்கள் எதையும் மூடி மறைக்கவில்லை. தப்புச் செய்த போலீஸ்காரர் மேல் நடவடிக்கை எடுக்கிறோம்" என்று அரசு பதில் சொன்னது.

இதற்கிடையே உத்தரப் பிரதேசத்திலிருந்து இன்னொரு கடிதம் வந்தது. அலிகார் பக்கத்தில் காவலில் நடந்த சாவைப் பற்றிய கடிதம். "இது ஒரு மாநிலத்து வியாதி இல்லை, நாடு முழுவதும் இருக்கிறது" என்று கோர்ட்டுக்குத் தெரிந்தது. எல்லா மாநில அரசுகளுக்கும் நோட்டீஸ் அனுப்பினார்கள்.

வழக்கு பத்து வருடம் நடந்தது. 1996 டிசம்பர் 18-ஆம் தேதி நீதிபதிகள் குல்தீப் சிங், ஏ.எஸ்.ஆனந்த் இருவரும் தீர்ப்புச் சொன்னார்கள்.

ஒரு தாயின் கடிதம்

"அவர் பெரிய அமைப்பின் தலைவர். அவர் எழுதினால் கேட்பார்கள். நம் கடிதத்தை யார் படிப்பார்கள்?" என்று நீங்கள் நினைக்கலாம்.

ஒடிசாவில் ஒரு தாய் இருந்தார். 1987 டிசம்பரில் அவருடைய 22 வயது மகனைப் போலீஸ் விசாரணைக்குக் கூட்டிப்போனது. மறுநாள் மகனின் உடல் ரயில் பாதையில் கிடந்தது. உடல் முழுக்கக் காயம். "அவன் தப்பி ஓடினான், ரயிலில் அடிபட்டான்" என்றார்கள். தாய் நம்பவில்லை. சுப்ரீம் கோர்ட்டுக்குக் கடிதம் எழுதினார். 1993-இல் தீர்ப்பு வந்தது. மகன் காவலில் பட்ட காயத்தால்தான் இறந்தான் என்று கோர்ட் சொன்னது. தாய்க்கு 1,50,000 ரூபாய் நஷ்டஈடு தரும்படி மாநில அரசுக்கு உத்தரவிட்டது.

பணம் மகனைத் திருப்பித் தராது. ஆனால் "உன் மகன் மேல் தப்பில்லை, அரசின் மேல்தான் தப்பு" என்று நாட்டின் பெரிய கோர்ட் எழுத்தில் சொன்னது. அந்தத் தாய்க்கு அதுவும் தேவையாக இருந்தது.

தீர்ப்பு என்ன சொல்கிறது?

பாசு வழக்கில் கோர்ட் 11 விதிகளைச் சொன்னது. அவற்றில் முக்கியமானவற்றைக் கேளுங்கள்.

ஒன்று. கைது செய்ய வருகிற போலீஸ்காரர் தன் பெயரும் பதவியும் தெளிவாகத் தெரிகிற மாதிரி அட்டை அணிந்திருக்க வேண்டும்.

இரண்டு. கைது செய்யும்போதே கைதுக் குறிப்பு எழுத வேண்டும். அதில் தேதியும் நேரமும் இருக்க வேண்டும். குடும்பத்தில் ஒருவரோ, அந்தப் பகுதியின் மதிப்புள்ள ஒருவரோ சாட்சியாகக் கையெழுத்துப் போட வேண்டும். கைதானவரும் போட வேண்டும்.

மூன்று. கைதான விவரத்தை உறவினர் ஒருவருக்கோ நண்பருக்கோ சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லச் சொல்லிக் கேட்கும் உரிமை இருக்கிறது என்பதையும் கைதானவருக்குச் சொல்ல வேண்டும்.

நான்கு. கைதானவர் கேட்டால் அவர் உடம்பைப் பார்த்துக் காயங்களை எழுத வேண்டும். அதன் நகலை அவரிடம் தர வேண்டும். காவலில் இருக்கும்வரை 48 மணிக்கு ஒருமுறை டாக்டர் பரிசோதிக்க வேண்டும்.

ஐந்து. விசாரணை நேரத்தில் வக்கீலைப் பார்க்க விடலாம். ஆனால் விசாரணை முடியும்வரை வக்கீல் கூடவே இருக்க முடியாது.

ஆறு. யாரைக் கைது செய்தோம், எங்கே வைத்திருக்கிறோம் என்று 12 மணி நேரத்துக்குள் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்ல வேண்டும். அங்கே பலகையில் எழுதிப்போட வேண்டும்.

இந்த விதிகளை மீறினால் என்ன ஆகும்? அந்த அதிகாரி மேல் துறை நடவடிக்கை வரும். கோர்ட் அவமதிப்பு வழக்கும் வரும். அந்த வழக்கை டெல்லி போய்த்தான் போட வேண்டும் என்பதில்லை. அந்தந்தப் பகுதியின் ஐகோர்ட்டிலேயே போடலாம்.

இன்னொன்றையும் கோர்ட் சொன்னது. இந்த விதிகளை ரேடியோவிலும் தூர்தர்ஷனிலும் சொல்ல வேண்டும். மக்கள் பேசுகிற மொழியில் சிறு பிரசுரமாக அச்சிட்டுக் கொடுக்க வேண்டும் என்றது. விதி புத்தகத்துக்குள் தூங்கினால் யாருக்கும் பயன் இல்லை என்று நீதிபதிகளுக்குத் தெரிந்திருந்தது.

கோர்ட்டுக்கு மேல் கோர்ட்

கோர்ட்டுகள் மாடிப்படி மாதிரி. கீழ்ப்படியில் மாஜிஸ்திரேட் கோர்ட். அதற்கு மேல் மாவட்டக் கோர்ட். அதற்கு மேல் ஐகோர்ட். எல்லாவற்றுக்கும் மேலே சுப்ரீம் கோர்ட். கீழ்க் கோர்ட் தீர்ப்பு சரியில்லை என்று நினைத்தால் மேல் கோர்ட்டில் கேட்கலாம். இதுதான் மேல்முறையீடு, அதாவது அப்பீல்.

கொல்கத்தாவில் உள்ள ஐகோர்ட் 1862-இல் தொடங்கியது. இந்தியாவின் ஐகோர்ட்டுகளில் அதுதான் மூத்தது. ஊரின் பெயர் 2001-இல் மாறியும் கோர்ட் பெயர் 'கல்கத்தா ஐகோர்ட்' என்றே இருக்கிறது.

ஐகோர்ட்டுக்கு நேராகவும் போகலாம். ஒருவரைச் சட்டப்படி இல்லாமல் பிடித்து வைத்திருந்தால் ஆட்கொணர்வு மனுப் போடலாம். "அந்த ஆளைக் கொண்டுவந்து நிறுத்து" என்று கோர்ட் உத்தரவிடும். சில நேரம் யாரும் கேட்காமலே ஐகோர்ட் வழக்கை எடுக்கும். 2020 ஜூன் மாதம் தமிழ்நாட்டில் சாத்தான்குளத்தில் ஒரு தந்தையும் மகனும் போலீஸ் நிலைய விசாரணைக்குப் பின் இறந்தார்கள். ஊரடங்கு நேரத்தில் கடையைத் திறந்து வைத்தார்கள் என்பதுதான் புகார். அப்போது ஐகோர்ட்டின் மதுரைக் கிளை தானாகவே வழக்கை எடுத்தது.

புதிய சட்டம், புதிய தீர்ப்பு

பாசு வழக்கின் விதிகள் பல பிறகு சட்டத்திலேயே சேர்ந்தன. 2024 ஜூலை 1 முதல் பழைய குற்ற விசாரணைச் சட்டம் போய்ப் புதிய சட்டம் வந்தது. பெயர் அட்டை, கைதுக் குறிப்பு, உறவினருக்குத் தகவல், டாக்டர் பரிசோதனை எல்லாம் புதிய சட்டத்திலும் இருக்கின்றன. கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். பயண நேரம் மட்டும் அதில் சேராது.

2025 நவம்பர் 6-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் இன்னும் ஒரு படி மேலே போனது. எந்தக் குற்றமாக இருந்தாலும், எதற்காகக் கைது செய்கிறோம் என்பதை எழுத்தில் தர வேண்டும். கைதானவருக்குப் புரிகிற மொழியில் தர வேண்டும். உடனே எழுதித் தர முடியாத நிலை என்றால் முதலில் வாயால் சொல்லலாம். ஆனால் மாஜிஸ்திரேட் முன்னால் கொண்டுபோவதற்கு இரண்டு மணி நேரத்துக்கு முன்பாவது எழுத்தில் தந்துவிட வேண்டும். தராவிட்டால் அந்தக் கைது செல்லாது.

இதன் அர்த்தத்தை யோசித்துப் பாருங்கள். பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்த ஒரு தமிழரைக் கொல்கத்தாவில் கைது செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இங்கே போலீஸ் நிலையத்தைத் 'தானா' என்பார்கள். தானாவில் பேசுவது வங்காளி. எழுதுவது வங்காளியும் இங்கிலீசும். அவருக்கோ தமிழ்தான் புரியும். "எனக்குப் புரிகிற மொழியில் எழுதிக் கொடுங்கள்" என்று கேட்க அவருக்கு உரிமை உண்டு. அந்தக் காகிதம் கைக்கு வரும்போது அதைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். இந்த மையத்தில் கற்ற எழுத்து அன்றைக்குக் கைகொடுக்கும்.

"திருடனுக்குச் சலுகையா?"

சிலர் இப்படிக் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். போலீஸ் வேலையும் சுலபமான வேலை இல்லை. குற்றவாளியைப் பிடிக்கத்தான் வேண்டும், விசாரிக்கத்தான் வேண்டும். அதைக் கோர்ட் தடுக்கவில்லை. குற்றம் செய்தாரா இல்லையா என்று முடிவு செய்வது கோர்ட்டின் வேலை; தண்டனை தருவதும் கோர்ட்டின் வேலை. லாக்கப்பில் அடிப்பது சட்டத்தில் எங்கும் இல்லை. அதுவும் அடி விழுவது பெரும்பாலும் கேட்க நாதியில்லாதவர் முதுகில்தான்.

தீர்ப்பு வந்ததால் எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. காவலில் சாவு இன்னும் நடக்கிறது. எல்லாப் போலீஸ் நிலையங்களிலும் கேமரா வைக்கச் சொல்லி 2020 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. 2025 செப்டம்பரில், கேமரா ஒழுங்காக வேலை செய்யவில்லை என்ற விஷயத்தை ஒரு பத்திரிகைச் செய்தியைப் பார்த்துக் கோர்ட்டே மறுபடி கையில் எடுத்தது. விதி இருந்தால் மட்டும் போதாது. கேட்கிற வாய் வேண்டும்.

நினைவில் வையுங்கள்

வீட்டில் யாரையாவது போலீஸ் கூட்டிப்போனால் பதறாதீர்கள். சண்டை போடாதீர்கள். வந்த அதிகாரியின் பெயரையும் பதவியையும் பாருங்கள். எந்த நிலையத்துக்குக் கூட்டிப்போகிறார்கள் என்று கேளுங்கள். நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினாலும் போதும்.

கைதுக் குறிப்பைப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். நேரம் தப்பாக இருந்தால் சொல்லுங்கள். வெற்றுக் காகிதத்தில் ஒருபோதும் கையெழுத்தோ கைநாட்டோ வைக்காதீர்கள். விசாரணையில் போலீஸ் எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடத் தேவையில்லை. சட்டமே அப்படித்தான் சொல்கிறது.

பெண்களைச் சாட்சி விசாரணைக்காகப் போலீஸ் நிலையத்துக்கு வரச் சொல்லக் கூடாது. வீட்டுக்கு வந்துதான் கேட்க வேண்டும். பொழுது சாய்ந்த பிறகும் விடியும் முன்பும் பெண்களைக் கைது செய்யக் கூடாது. மிக அவசரம் என்றால் பெண் அதிகாரி வர வேண்டும். மாஜிஸ்திரேட்டின் அனுமதியும் முன்னாலேயே வேண்டும்.

வக்கீலுக்குப் பணம் இல்லையா? இலவச சட்ட உதவி உண்டு. பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், ஊனமுற்றோர், ஆலைத் தொழிலாளர், காவலில் இருப்பவர் எல்லோருக்கும் வருமானம் பார்க்காமல் தருகிறார்கள். மற்ற ஏழைகளும் கேட்கலாம். சட்டப் பணிகள் ஆணையத்தின் தொலைபேசி எண் 15100. இந்த எண்ணைச் சுவரில் எழுதி வையுங்கள்.

நண்பர்களே! பாசுவின் கடிதம் சில பக்கக் காகிதம்தான். ஒடிசா தாயின் கடிதமும் காகிதம்தான். நடந்ததை நடந்தபடி, தேதியோடு எழுதினார்கள். எழுதியதை அனுப்பினார்கள். அவ்வளவுதான் செய்தார்கள். எழுத்துப் படித்த எல்லோராலும் அதைச் செய்ய முடியும்.



கலந்து பேசுங்கள்

1. கைதுக் குறிப்பில் யார் யார் கையெழுத்துப் போட வேண்டும்?
2. கைதுக்கான காரணத்தை எந்த மொழியில் எழுதித் தர வேண்டும்?
3. இலவச சட்ட உதவி யார் யாருக்குக் கிடைக்கும்?
4. உங்கள் தெருவில் உள்ள ஒரு குறையைப் பற்றி, தேதியும் இடமும் போட்டு, அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.