கல்லும் கொடியும் துணைவரும் பாதை



ஆஸ்திரிய தேசத்தில், டான்யூப் நதி மலைகளுக்கிடையே வளைந்து செல்லும் வாஹவ் பள்ளத்தாக்கில், மெல்க் நகரிலிருந்து கிரெம்ஸ் நகர் வரை, ஏறத்தாழ 36 கிலோமீட்டர் தூரத்துக்கு, நதியை ஒட்டியே சைக்கிளில் பிரயாணம் செய்யலாம். புறப்படும் இடத்திலேயே, 1089-ஆம் ஆண்டு முதல் பெனடிக்ட் சபைத் துறவிகள் வாழ்ந்துவரும் மடாலயம், குன்றின்மீது பொன்னிறமாய்க் காட்சி தருகிறது.

நிதானமாக மிதித்துச் சென்றால், மலைச் சரிவுகளில் படிப்படியாய் எழும் திராட்சைத் தோட்டங்கள் உடன் வருகின்றன. அவற்றைத் தாங்கும் சுவரின் அருகே ஒரு கணம் வண்டியை நிறுத்திப் பார்த்தால், சுண்ணாம்போ சிமென்ட்டோ இல்லாமல், ஒரு கல்லின் புடைப்பு மறு கல்லின் பள்ளத்தில் பொருந்துமாறு அடுக்கியிருப்பது தெரியும். மழைநீர் அந்த இடுக்குகளின் வழியே வடிந்துவிடுவதால் சுவர் எளிதில் சரிவதில்லை; பகலில் வெயிலை வாங்கிவைத்த கல், இரவில் அந்த உஷ்ணத்தைக் கொடிகளுக்குத் திருப்பித் தருகிறது.

வழியில் டூர்ன்ஷ்டைன் என்னும் சிற்றூர். சிலுவைப் போரிலிருந்து திரும்பிய இங்கிலாந்து மன்னர் முதலாம் ரிச்சர்ட், 1192-ஆம் ஆண்டின் இறுதியில் சிறைவைக்கப்பட்ட சரித்திரப் பிரசித்தி பெற்ற கோட்டை, அவ்வூருக்கு மேலே இடிந்து கிடக்கிறது. அதன் கீழே உழவர்களின் சுவர்களோ, விழுந்த கல்லை எடுத்து மீண்டும் அடுக்கும் கைகள் இருப்பதால், இன்றும் நிற்கின்றன. இப்பள்ளத்தாக்கை யுனெஸ்கோ 2000-ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியச் சின்னமாக அங்கீகரித்தது.

விரைந்தோடும் வாகனத்திலிருந்து பார்ப்பவருக்குக் கோட்டை மட்டுமே தெரியும். மெல்லச் செல்பவருக்கே, அதைக் காட்டிலும் நீடித்து நிற்கும் உழைப்பும் தெரியும்.