யூதர் திருவிழாக்களும் நமது பொன்விழாவும்

(பொன்விழாத் தொடக்க நாளன்று பங்குத்தந்தை ஆற்றிய உரை)



நமது பங்கு தோன்றி ஐம்பது ஆண்டுகள் நிறைவு பெறுகின்றன. பந்தலும் தோரணமும் ஆயத்தமாகிவிட்டன. ஆனால் ‘யூபிலி’ என்ற சொல் எங்கிருந்து வந்தது? ஆட்டுக்கடாவின் கொம்பைக் குறிக்கும் ‘யோபேல்’ என்ற எபிரேயச் சொல்லே அதற்கு மூலம். ஆக, இது யூத மக்களிடமிருந்து நமக்கு வந்த சொத்து. அவர்களுடைய திருவிழா ஆண்டை இன்று ஒருமுறை சுற்றி வருவோம்.

மார்ச், ஏப்ரல் மாதங்களில் பாஸ்கா. குடும்பத்தார் அனைவரும் பந்தியில் அமர்ந்ததும், இந்த இரவுக்கு மட்டும் என்ன விசேஷம் என்று வீட்டின் கடைக்குட்டி கேட்கும். எகிப்தின் அடிமை வாழ்வையும் விடுதலையையும் பெரியவர்கள் எடுத்துரைப்பார்கள். புளிப்பில்லா அப்பமும் கசப்புக் கீரையும் அதற்குச் சாட்சி. ஐம்பதாம் நாள் பெந்தகோஸ்தே. சீனாய் மலையில் கட்டளைகள் பெற்ற நினைவுநாள்.

செப்டம்பர், அக்டோபரில் புத்தாண்டு பிறக்கும். கொம்பு ஊதுவார்கள்; ஆப்பிளைத் தேனில் தோய்த்து உண்பார்கள். பத்தாம் நாள் ‘யோம் கிப்பூர்’ எனும் பாவப் பரிகார நாள். அன்று ஏறத்தாழ 25 மணி நேரம் தண்ணீரும் அருந்தாத கடும் நோன்பு. ஐந்து நாள் கழித்துக் கூடாரத் திருவிழா. கிளைகளால் வேய்ந்த குடிலில், கூரை இடுக்கில் விண்மீன்கள் தெரிய, ஏழு நாள் உணவருந்துவார்கள். பாலைவனத்தில் அலைந்த முன்னோரை வளமையிலும் மறவாதிருக்கவே இது.

டிசம்பரை ஒட்டி எட்டு நாள் விளக்குத் திருவிழா. கி.மு. 164-இல் மக்கபேயர் ஆலயத்தைத் தூய்மைப்படுத்தி மீண்டும் அர்ப்பணித்ததன் நினைவு. இவ்விழாவின்போது இயேசு ஆலயத்தில் உலவியதை அருளப்பர் நற்செய்தியில் காண்கிறோம். பிறகு எஸ்தரை நினைவுகூரும் பூரிம். அன்று நண்பர்களுக்குப் பலகாரம், ஏழைகளுக்குத் தர்மம்.

கி.பி. 70-இல் உரோமையர் எருசலேம் ஆலயத்தை அழித்தனர். பலிபீடம் போயிற்று, திருவிழாக்கள் போகவில்லை. ஏன்? அவை வீட்டிலும் வேரூன்றியிருந்தன. தாய் ஏற்றும் விளக்கிலும் பிள்ளை கேட்கும் கேள்வியிலும் பிழைத்துக்கொண்டன. நம் வீடுகளில் பிள்ளைகள் கேட்கிறார்களா? கேட்டால் பதில் சொல்ல நமக்கு நேரம் உண்டா?

இன்னும் ஒன்று. யூபிலி ஆண்டின் எக்காளம் எந்த நாளில் ஊதப்பட வேண்டும்? புத்தாண்டிலன்று, பாஸ்காவிலுமன்று. பாவப் பரிகார நாளில் என்கிறது லேவியராகமம், 25-ஆம் அதிகாரம். விற்ற காணி உரியவனிடம் திரும்ப வேண்டும். வறுமையால் தன்னையே விற்றவன் வீடு திரும்ப வேண்டும். கடவுளுக்கு எதிரான பாவத்தை அந்நாள் போக்கும். அயலானுக்குச் செய்த தீங்கையோ, அவனைச் சமாதானப்படுத்தும்வரை அது போக்காது என்று யூதரின் மரபு நூலாகிய மிஷ்னா போதிக்கிறது. காணிக்கையைப் பீடத்தின்முன் வைத்துவிட்டு, முதலில் சகோதரனோடு உறவாடச் சொன்னாரே நம் ஆண்டவர், அதே குரல்!

திருச்சபையும் இதற்குப் பணிந்தது. நெடுங்காலம் கிறிஸ்தவர்கள் யூதரைப் பகைத்தார்கள். 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அப்பகையைக் கண்டித்தது. 1986 ஏப்ரல் 13 அன்று பாப்பரசர் இரண்டாம் ஜான் பால், உரோமையில் யூதரின் செபக்கூடத்திற்குத் தாமே சென்று, அவர்களை நம் மூத்த சகோதரர்கள் என்றார். அவர்கள் வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை.

அன்பர்களே, வரப்புத் தகராற்றில் பேச்சை நிறுத்திய அண்ணன் தம்பியர் நம் பங்கிலும் உண்டு. பூசையில் சமாதானம் சொல்லும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வோரைப் பீடத்திலிருந்து நான் பார்க்கிறேன். அடகுப் பத்திரத்தைப் பெட்டியில் வைத்துக்கொண்டு, ஏழையின் கண்ணீரைக் காணாதோரும் உண்டு. பொன்விழாப் பூசைக்கு மணி அடிக்குமுன் அந்த வாசற்படியை ஏறுங்கள். யார் முதலில் என்று பார்க்காதீர்கள். அதுவே நம் யூபிலியின் எக்காளம். மேளதாளம் அதற்குப் பிறகு முழங்கட்டும்.

இறைவன் உங்கள் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக!