இரவு கடந்த அன்னம்

(எமது சங்கத்தின் வருடாந்தக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற பேச்சு)



சமயத்தைப் பற்றியோ தமிழைப் பற்றியோ பேசுதல் இம்மேடைக்கு வழக்கம். நாம் இன்று பழஞ்சோற்றைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். அதற்குக் காரணம் உண்டு.

சென்ற திருவிழாவின்போது ஒருநாள் அன்னதானம் முடிந்தபின் ஒரு கிடாரத்தில் பாதிச் சோறு எஞ்சியது. அன்னத்தைக் கொட்டுவது பாவமென்று கருதி, வாழையிலையால் மூடி, மடத்து மூலையில் வைத்தோம். விடிந்ததும் மணந்து பார்த்தோம்; பழுது தெரியவில்லை. மீண்டும் சுடவைத்து, வாசலில் இருந்த ஏழைகளுக்குப் பரிமாறினோம். மதியத்துக்கு முன்னரே ஐந்தாறு பேர் வாந்தியெடுத்தனர். அவர்களுள் ஒரு சிறு பிள்ளையும் இருந்தது. மறுநாள் எல்லோரும் தேறிவிட்டனர். ஆனால், பரிமாறிய எம்முள் ஒருவரேனும் அச்சோற்றில் ஒரு பிடி உண்ணவில்லை என்பது பிறகுதான் எம் நினைவுக்கு வந்தது. இதனைச் சபையோர் முன் மறைக்காமற் சொல்லிவிடுதல் எமது கடமை.

இரவு கடந்த உணவைப் பற்றி எமக்கு இரண்டு பாடங்கள் கிடைத்திருந்தன. மிஷன் பாடசாலையிற் சுகாதாரம் கற்பித்த ஆசிரியர், "நேற்றைய உணவு இன்றைய நஞ்சு" என்றார். வீட்டிலோ ஆச்சி, தண்ணீர் ஊற்றி வைத்த சோற்றைப் பிழிந்து, தயிரும் வெங்காயமும் பச்சைமிளகாயும் சேர்த்துக் குழைத்து, உருண்டை உருண்டையாக எம் கையில் வைத்தார். அதை உண்டுதான் அப்பு தோட்டத்துக்கு இறைக்கப் போனார். இவ்விருவருள் யார் சொல்வது மெய்? எமது சமய நூலைக் கேட்டால், கீதையின் 17ஆம் அத்தியாயம், சமைத்து ஒரு யாமம், அதாவது மூன்று மணித்தியாலம், கழிந்த உணவையும் இரவு கடந்த உணவையும் தாமத குணத்தோர் விரும்புவன என வகுத்திருக்கிறது.

இனி விஞ்ஞானம் சொல்வதைக் கேட்போம். 1847ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்த டாக்டர் சாமுவேல் கிறீன் மேலைநாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்த மண் இது. ஆதலால் இதனையும் தமிழிலேயே விளங்கிக்கொள்ளலாம்.

மண்ணிலும் நெல்லிலும் இயல்பாக வாழும் பற்றீரியா ஒன்று உண்டு. அதன் பெயர் பசிலஸ் சீரியஸ். அரிசி கொதிக்கும்போது அதன் வித்திகள் சாவதில்லை. சோறு ஆறி இளஞ்சூட்டுக்கு வந்ததும் அவை முளைத்துப் பெருகத் தொடங்கும். ஏற்ற சூட்டில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒன்று இரண்டாகுமென்று கொண்டால், 8 மணித்தியாலத்தில் ஒரு கிருமி 1,67,77,216 ஆகிவிடும். எமது ஊரின் இரவுச் சூடு அதற்கு நன்றாகவே பொருந்தும். பெரிய கிடாரத்தின் நடுச்சோறோ பலமணிநேரம் ஆறாதிருக்கும். இக்கிருமி சோற்றிற் கக்கும் வாந்தி நஞ்சு, மீண்டும் கொதிக்க வைத்தாலும் அழியாது. மணத்திலும் சுவையிலும் தெரியாது. நாம் மணந்து பார்த்ததும் சுடவைத்ததும் பயன்படாமற் போன காரணம் இதுவே.

நோர்வே நாட்டிலே 1940களின் இறுதியில், முதல்நாட் சமைத்துக் குளிரூட்டாது வைத்த ஒருவகை இனிப்புக் குழம்பை உண்ட பலர் வயிற்றோட்டத்தால் வருந்தினர். ஸ்ரைனார் ஹௌகே என்னும் அறிஞர் அதிலிருந்த இதே கிருமியைப் பிரித்தெடுத்து, புதிய குழம்பில் வளர்த்து, அதைத் தாமே அருந்தினார். சுமார் 13 மணித்தியாலத்தின் பின் அவருக்கும் வயிற்றோட்டம் கண்டது. பிறர் நோயின் காரணத்தை அறியத் தம் வயிற்றையே சோதனைக்களமாக்கினார் அவர். நாமோ எம் வயிற்றைக் காத்துக்கொண்டு பிறர் வயிற்றிற் சோதனை செய்தோம்!

நிற்க. ஆச்சியின் பானை எவ்வாறு தப்பியது? அவர் சோற்றை ஆறவிட்டுச் சிறு மண்பானையிலே தண்ணீரில் அமிழ்த்தி வைத்தார். அங்கே வேறு பற்றீரியாக்கள் பெருகி இலற்றிக் அமிலத்தை உண்டாக்கும். தயிரைப் புளிக்கச் செய்வதும் அவ்வமிலமே. நன்றாகப் புளித்த சோற்றில் பசிலஸ் சீரியஸ் வளர்வது அரிது. ஆகவே புளித்த பழஞ்சோறு வேறு, மூடிவைத்த வெறுஞ்சோறு வேறு. ஆயினும் புளிப்பு ஏறுமுன் கழியும் மணித்தியாலங்களுக்குக் காவலில்லை. சுண்ணக்கல் நிலத்தில் மலக்குழிக்கு அருகே கிணறுள்ள வீடுகளில் தண்ணீரையும் நம்பமுடியாது. கொதித்தாறிய நீரையே ஊற்றுதல் வேண்டும். குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியோர், நோயாளர் ஆகியோருக்கு அன்றன்று சமைத்ததே நன்று. தேங்காய்ப்பால் விட்ட கறி, மீன், முட்டை, சொதி ஆகியவற்றை இரவில் வெளியே வைத்தலாகாது. காலையிற் சுண்டவைப்பது மட்டும் அவற்றைக் காப்பாற்றாது.

குளிர்சாதனப் பெட்டி உள்ளவர்கள் உணவை ஆழமற்ற சிறு பாத்திரங்களிற் பிரித்து, இரண்டு மணித்தியாலத்துக்குள் உள்ளே வைக்கவேண்டும். பெட்டியின் குளிர் 5 பாகை செல்சியசுக்கு மேற்படலாகாது. ஆனால் பெட்டியையே முழுதும் நம்பியிருக்கவும் முடியாது. 1990ஆம் ஆண்டின் பின் பல வருடம் மின்சாரமின்றி வாழ்ந்தது எம் குடாநாடு. 2022ஆம் ஆண்டிலும் ஒருநாளிற் பலமணிநேர மின்வெட்டைக் கண்டோம். எரிவாயுவுக்கு வரிசையில் நின்றோம். அத்தகைய காலத்தில் எஞ்சிய சோற்றைக் கொட்டு என்று ஒரு தாய்க்குச் சொல்வது எளிதன்று. அளந்து சமைப்பதும், சூடாறுமுன் பகிர்ந்து உண்பதுமே அன்றைக்கும் இன்றைக்கும் பொருந்தும் வழி.

ஆகவே சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். இனி அன்னதானத்தில் அரிசியை அளந்து, கட்டங்கட்டமாக உலையேற்றுவோம். எஞ்சியதை இரண்டு மணித்தியாலத்துக்குள் வீடுவீடாகக் கொண்டுபோய்க் கொடுப்போம். அதற்குமேல் வெளியில் இருந்ததை உரக்குழியில் இடுவோம். அதனைப் பாவமென்போருக்கு எமது மறுமொழி: பாவம் கொட்டியதில் இல்லை, அளவறியாது சமைத்ததில் இருக்கிறது.

இன்னுமொன்று. எம் வீடுகளிலும் நேற்றைய சோறு யாருடைய கோப்பைக்குப் போகிறது? பெரும்பாலும் தாயின் கோப்பைக்கே போகிறது. வாசலில் நிற்பவருக்கும் அதுவே கிடைக்கிறது. தானம் என்பது நாம் உண்ணத் துணிவதைப் பிறர்க்கு இடுதலே. அடுத்த திருவிழாவில் பரிமாறுபவர் ஒவ்வொருவரும் முதலில் ஒரு பிடி உண்டபின் அகப்பையைக் கையிலெடுப்போமாக.