வீட்டுத் தோட்டத்தில் செண்டுமல்லி

(ஐக்கிய நாணய சங்க அங்கத்தினர்களுக்குச் செய்த பிரசங்கம்)



கிராமங்களில் வீட்டின் கொல்லைப்புறம் பெரும்பாலும் குப்பை கொட்டுமிடமாகவே இருந்து வருகிறது. கிணற்றடி ஜலம் அங்கே தேங்கிக் கொசுவை வளர்க்கிறது. அந்த இடத்தையும் அந்த ஜலத்தையும் கொண்டே பூச்செடி வளர்த்துச் சிறிது பணமும் காணலாம் என்பதுதான் இன்றைய விஷயம். மல்லிகைக்குப் பொறுமை வேண்டும். செண்டுமல்லியோ விதைத்த மூன்று மாதத்தில் பலன் கொடுத்துவிடும்.

சில ஜில்லாக்களில் கேந்தி என்று வழங்கும் இப்பூ நம் நாட்டுக்கு உரியதன்று. மெக்ஸிகோ தேசத்தில் பிறந்து, கடல் கடந்து வந்தது. ஆயினும் சுவாமி மாலைக்கும் வாசல் தோரணத்துக்கும் இது இல்லாமல் முடியாது என்னும்படி ஊன்றிவிட்டது. இதே குடும்பத்தைச் சேர்ந்த கோரியாப்சிஸ் என்ற அமெரிக்கச் செடியும் தோட்டங்களில் உண்டு. அதன் விதை மூட்டைப் பூச்சி போலிருப்பதால் அப்பெயர் வந்தது. மெலிந்த மண்ணிலும் மஞ்சளாய்ப் பூத்துக் கண்ணுக்கு இன்பந் தரும். ஆனால் அதன் இதழ் மெல்லியது, மாலை கட்டுவதற்கு நிற்காது. அழகுக்கு அதையும் வருமானத்துக்குச் செண்டுமல்லியையும் வைத்துக்கொள்வது உசிதம்.

நல்ல வெயில் படும் இடமாகப் பார்க்க வேண்டும். மரநிழலில் செடி நெட்டையாக வளருமேயன்றிப் பூக்காது. விதையை மேட்டுப்பாத்தியில் வரிசையாகத் தூவி, சலித்த மண்ணை மெல்லியதாக மூடி, பூவாளியால் தண்ணீர் தெளித்தால் ஒரு வாரத்துக்குள் முளைக்கும். சுமார் 30 நாளில் நாற்றைப் பிடுங்கி, மாலை வேளையில், ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி நட வேண்டும். இக்கணக்கில் ஒரு சென்ட் நிலத்தில் சுமார் 190 செடிகள் கொள்ளும். நடைவழி விட்டால் 150 நிற்கும். மக்கிய தொழுஉரம் அடியில் இட்டால் போதுமானது. எருவை அள்ளிக் கொட்டினால் இலைதான் மிகும்.

நட்ட நாலாவது வாரத்தில் நுனிக்குருத்தைக் கிள்ளிவிட வேண்டும். இதைச் செய்யக் குடியானவர்களுக்கு மனம் வருவதில்லை. வளர்கிற செடியைக் கிள்ளுவது பாவமென்று எண்ணி விட்டுவிடுகின்றனர். கிள்ளாத செடி ஒரே தண்டாக ஓங்கி, மழைக்காற்றில் சாய்ந்துவிடும். கிள்ளிய செடியோ பக்கக் கிளைகள் விட்டுப் பரவி, சில நாள் தாமதித்தாலும், அதிகமாகப் பூக்கும்.

தண்ணீர் வாரம் ஒரு முறை போதும். வேர் அழுகுவது தேங்கும் ஜலத்தாலேயே. ஆகையால் கிணற்றடி ஜலத்தை வாய்க்கால் வெட்டி ஓடவிட வேண்டும். சவுக்காரம் கலந்த ஜலத்தைத் தனியே திருப்பிவிட வேண்டும். வறண்ட காலத்தில் செஞ்சிலந்திப் பேன் இலையின் அடிப்புறத்தில் சேர்ந்து சாற்றை உறிஞ்சும். இலை வெளிறத் தொடங்கியதும் அடிப்புறம் நனையும்படி தண்ணீரை வேகமாக அடித்து, பின் வேப்பங்கொட்டைச் சாறு தெளித்தால் பெரும்பாலும் அடங்கும்.

காய்கறி போடுகிறவர்களுக்கு இச்செடியால் வேறொரு பிரயோஜனமும் உண்டு. கத்தரி, தக்காளி, வெண்டைச் செடிகள் காரணமின்றி வாடும்போது பிடுங்கிப் பார்த்தால் வேரில் முடிச்சு முடிச்சாகக் காணப்படும். இது கண்ணுக்குத் தெரியாத நூற்புழுவின் வேலை. செண்டுமல்லி வேரிலுள்ள ஒரு பொருள் இப்புழுவைக் கொல்லுகிறதென்று 1958-ஆம் வருஷத்தில் ஹாலந்து தேச விஞ்ஞானிகள் கண்டறிந்தனர். ஆனால் வரப்போரம் நாலு செடி நட்டு இப்பலனை எதிர்பார்ப்பது வீண். பாத்தி முழுவதும் இரண்டு மூன்று மாதம் செண்டுமல்லியே நின்று, அதன் பின் காய்கறி வைத்தால்தான் குணம் தெரியும். தக்காளிக் காய்ப்புழுவுக்கும் இது உதவும். 16 வரிசைத் தக்காளிக்கு ஒரு வரிசை செண்டுமல்லி வைத்தால் தாய்ப்பூச்சி செண்டுமல்லியை நாடி முட்டையிடும். இரண்டும் ஒரே சமயத்தில் பூக்கும்படி, 25 நாள் தக்காளி நாற்றோடு 40 நாள் செண்டுமல்லி நாற்றை நட வேண்டும்.

இனி விற்பனை. இங்கேதான் பூக்காரன் ஏமாறுகிறான். நெல்லைக் குதிரில் போட்டு விலைக்குக் காத்திருக்கலாம். பூ மறுநாளைக்குக்கூடக் காத்திராது. ஆயுத பூஜைக்கு முதல் நாள் கூடையோடு ஆளைத் தேடும் வியாபாரி, பூஜை கழிந்த மறுநாள் அதே பூவைத் தொட்டும் பார்ப்பதில்லை. சாலையோரம் பூவைக் கொட்டிவிட்டுத் திரும்பும் குடியானவரை எந்தப் பூச்சந்தையிலும் காணலாம். விதையிலிருந்து பூ வர சுமார் 90 நாள் ஆகிறபடியால் ஆயுத பூஜைக்கு ஆனி மாதக் கடைசியிலும், பொங்கலுக்குப் புரட்டாசிக் கடைசியிலும் விதைக்க வேண்டும். பொங்கல் நாற்று அடைமழையில் நிற்பதால் அதற்கு ஓலைப் பந்தல் அவசியம். எல்லோரும் ஒரே நாளை நோக்கி விதைத்தால் விலை விழுந்துவிடுமாதலால், சங்கத்தார் கூடிப்பேசி, பாதிப்பேர் பத்து நாள் முந்தியும் பாதிப்பேர் பத்து நாள் பிந்தியும் விதைக்க ஏற்பாடு செய்துகொள்வது நலம்.

இதைவிடப் பெரிய தொல்லை முன்பணம். விதைக்கும் எருவுக்கும் தரகு மண்டியில் பணம் வாங்கியவர் பூவை அந்த மண்டிக்கே போடவேண்டியவராகிறார். எடையும் விலையும் தரகும் மண்டிக்காரர் சொன்னபடியே. ஒரு சென்ட் தோட்டத்துக்கு வேண்டிய தொகை மிகச் சிறியது. அதைச் சங்கத்தில் கடனாகப் பெற்று, நாலைந்து வீட்டார் பூவை ஒன்றாக நிறுத்து ஒரே வண்டியில் அனுப்பினால், எந்தச் சந்தையில் விலை கூடுகிறதோ அங்கே போட அவர்களுக்குச் சுதந்திரம் உண்டு. எடையைப் புறப்படுமுன் ஊரிலேயே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

நட்ட இரண்டு மாதத்தில் பூக்கத் தொடங்கும். மூன்று நாளுக்கொருமுறை, வெயில் ஏறுமுன், முழுதும் விரிந்த பூவைப் பறிக்க வேண்டும். வாடியதைச் செடியில் விட்டால் புதிய மொட்டுக் குறையும். நாட்டு ரகமானால், பெரிய பூக்களை வைத்த நாலைந்து செடியைப் பறிக்காமல் விட்டு, பூ காய்ந்தபின் எடுத்து நிழலில் உலர்த்தி வைத்தால் அடுத்த பட்டத்துக்கு விதை வாங்க வேண்டியதில்லை. ஒட்டு ரக விதையை இவ்விதம் எடுத்தால் தாய்ச்செடியின் குணம் வராது. அதை ஒவ்வொரு முறையும் வாங்கியே தீரவேண்டும்.