பீரோ மேல் இருக்கும் பழைய லேப்டாப்: ஒரு வீட்டுப் பட்டிமன்றமும் தீர்ப்பும்



இதை நீங்கள் போனில்தான் படித்துக்கொண்டிருப்பீர்கள். ஆனால் நான் இன்றைக்குப் பேசப்போவது உங்கள் வீட்டில் மேஜையிலோ பீரோ மேலேயோ இருக்கிற பழைய கம்ப்யூட்டரைப் பற்றி. மின் கட்டணம், சான்றிதழ் விண்ணப்பம் என்று பாதி வேலை போனிலேயே முடிந்துவிடுகிறது. ஆனாலும் பிள்ளைக்குக் கல்லூரி விண்ணப்பம், நீளமான படிவம், ஏழெட்டுச் சான்றிதழ்களை ஸ்கேன் செய்து ஏற்றுவது என்று வந்துவிட்டால், "அந்த லேப்டாப்பை எடு"ன்னுதானே சொல்றோம்?

எடுத்த உடனே வீட்டில் ஒரு பட்டிமன்றம் தொடங்கிவிடும். "இது பழசு, புதுசு வாங்கணும்" என்பார் ஒருவர். "நல்லாத்தானே ஓடுது" என்பார் இன்னொருவர். "நல்ல ஆன்டிவைரஸ் ஒண்ணு போட்டா போதும்" என்பார் மூன்றாமவர். எதிர்வீட்டுத் தம்பி வந்து, "லினக்ஸ் போடுங்க அங்கிள்" என்பார். நடுவர் இல்லாததால் தீர்ப்பில்லாமலே கூட்டம் கலையும். லேப்டாப் மறுபடி பீரோ மேலே போய்விடும்.

எங்கள் வீட்டிலும் இதேதான் நடந்தது. என் சித்தப்பா ஒரு சிறிய ஊரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். கடையில் ஒரே ஒரு கம்ப்யூட்டர், அதில் விண்டோஸ் 7. "அப்டேட் இல்லாத சிஸ்டம் சித்தப்பா, மாத்திடுங்க" என்று நான் சொன்னபோதெல்லாம், "பிரின்ட் வருதுல்ல, விடு" என்று சிரிப்பார்.

ஒரு நாள் போட்டோ எடிட் செய்யும் மென்பொருள் ஒன்றைக் காசு கொடுக்காமல் இறக்கியிருக்கிறார். அதைத் திறக்க ஒரு சின்ன புரோகிராம் கூடவே வந்தது. "ஆன்டிவைரஸை நிறுத்திவிட்டு என்னை ஓட்டு" என்று அது கேட்டது. அவரும் நிறுத்தினார். மறுநாள் காலையில் கடையைத் திறந்தால் ஒரு ஃபைலும் திறக்கவில்லை. எல்லாவற்றின் பெயருக்குப் பின்னாலும் புரியாத நாலு எழுத்து. கூடவே, பணம் கட்டினால் திறந்து தருகிறோம் என்று ஒரு கடிதம். இதைத்தான் ரேன்சம்வேர் என்கிறோம்.

சித்தப்பா பணம் கட்டவில்லை. பல வருடம் சேர்த்து வைத்த பத்திர மாதிரிகளும் அழைப்பிதழ் டிசைன்களும் போயின. அதைவிட அவரை உறுத்தியது வேறு ஒன்று. "டவுன்லோட் ஃபோல்டர்ல ஊர்க்காரங்க ஆதார், ரேஷன் கார்டு, மார்க் ஷீட் எல்லாம் அப்படியே கிடந்துச்சுடா. அதெல்லாம் யார் கையில இருக்கோ" என்றார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இன்றைய பேச்சுக்குக் காரணமே அந்தக் கேள்விதான்.

சரி, பட்டிமன்றத்துக்கு வருவோம்.

முதல் வாதம், "நல்லாத்தானே ஓடுது".

ஓடுவது வேறு, பாதுகாப்பாக ஓடுவது வேறு. விண்டோஸ் 7க்கான பொதுவான பாதுகாப்பு அப்டேட்டுகள் 2020 ஜனவரியில் நின்றன. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14 அன்று நின்றன. அதற்கு மறுநாளும் கம்ப்யூட்டர் வழக்கம்போலத்தான் ஓடும். ஆனால் அதற்குப் பிறகு கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை யாரும் அடைத்துத் தரமாட்டார்கள்.

ஓட்டையை அடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2017 மே மாதமே சாட்சி. வான்னாக்ரை என்ற ரேன்சம்வேர் உலகம் முழுக்கப் பரவி, இங்கிலாந்தில் அரசு மருத்துவமனைகளின் வேலையையே நிறுத்தியது. அது நுழைந்த ஓட்டைக்கான அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச்சிலேயே கொடுத்துவிட்டது. பெரும்பாலும் மாட்டியவர்கள், "அப்புறம் பார்த்துக்கலாம்"னு அதைப் போடாமல் விட்டவர்கள்தான்.

உங்களிடம் இருப்பது எது என்று தெரியவில்லையா? விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் பெட்டியில் வின்வர் என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். பதிப்பு எண் வந்துவிடும். விண்டோஸ் 10 என்றால், வீட்டு உபயோகக் கம்ப்யூட்டர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு அப்டேட்டுகளுக்குப் பதிவு செய்துகொள்ளும் வழி உண்டு. செட்டிங்ஸில் அப்டேட் பகுதியில் பாருங்கள். இது கொஞ்ச நாள் அவகாசம்தான், நிரந்தரத் தீர்வு அல்ல.

இரண்டாவது வாதம், "புதுசு வாங்கணும்".

அவசரப்பட வேண்டாம். விண்டோஸ் 11க்கு மாற, கம்ப்யூட்டரில் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் அதில் ஆதரிக்கப்படும் பிராசஸரும் இருக்க வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாவது தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையது. மைக்ரோசாஃப்ட் தருகிற பி.சி. ஹெல்த் செக் என்ற இலவச செயலி, உங்கள் கம்ப்யூட்டர் தேறுமா தேறாதா என்று சொல்லிவிடும். தேறினால் விண்டோஸ் 10லிருந்து 11க்கு மாறப் பணம் கட்டத் தேவையில்லை.

"ரொம்ப ஸ்லோவா இருக்கு" என்பதுதான் பிரச்சினை என்றால், உள்ளே பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் இருக்கிறதா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். அதை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டால், ஆன் ஆக நிமிடக்கணக்கில் எடுத்த கம்ப்யூட்டர் வினாடிக்கணக்கில் எழுந்துவிடும். 4 ஜி.பி. ரேம் இருந்தால், வசதி இருக்கும் மாடல்களில் 8 ஆக்கலாம். புது லேப்டாப் விலையில் இது சிறு பங்குதான். ஆனால் ஒன்றை மறக்காதீர்கள். எஸ்.எஸ்.டி. வேகத்தைத்தான் தரும், பாதுகாப்பைத் தராது.

மூன்றாவது வாதம், "ஆன்டிவைரஸ் போட்டா போதும்".

ஆன்டிவைரஸ் என்பது வாட்ச்மேன் மாதிரி. அப்டேட் என்பது காம்பவுண்டு சுவர் மாதிரி. சுவர் இடிந்து கிடக்கும்போது வாட்ச்மேன் எத்தனை பக்கம் ஓடுவார்? விண்டோஸ் 10லும் 11லும் டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸ் கூடவே வருகிறது. சாதாரண வீட்டு உபயோகத்துக்கு, அப்டேட்டும் சரியாக இருந்தால், அது போதும். காசு கொடுத்து வேறு வாங்குவது உங்கள் விருப்பம். எதை வைத்திருந்தாலும், "அதை நிறுத்து" என்று கேட்கும் புரோகிராமை மட்டும் நம்பாதீர்கள். சித்தப்பா கடையில் நடந்தது அதுதான். வாட்ச்மேனை வீட்டுக்கு அனுப்பச் சொல்கிறவர் எதற்காக வந்திருப்பார்?

நான்காவது வாதம், "லினக்ஸ் போடுங்க அங்கிள்".

தம்பி சொல்வதில் விஷயம் இருக்கிறது. விண்டோஸ் 11க்குத் தேறாத கம்ப்யூட்டரிலும் லினக்ஸ் பெரும்பாலும் நன்றாக ஓடும். இலவசம், அப்டேட்டும் வரும். லினக்ஸ் மின்ட், உபுண்டு போன்றவை பிரபலம். நம் சென்னையில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருக்கிறது. பிரவுசர் உண்டு, கடிதம் தட்டச்சு செய்ய லிப்ரே ஆஃபீஸ் உண்டு, தமிழ்99 விசைப்பலகையும் உண்டு. விண்ணப்பம் போட, படிக்க, வீடியோ பார்க்க இவ்வளவு போதுமே.

ஆனால் எல்லோருக்கும் ஒத்துவராது. கணக்கு எழுதும் சில மென்பொருள்கள், சில பிரின்டர்கள், டிஜிட்டல் கையொப்பக் கருவிகள் லினக்ஸில் மக்கர் செய்யலாம். அதனால் உடனே மாற்றிவிடாதீர்கள். பென் டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டிப் பார்க்கும் வசதி இருக்கிறது. இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள், பிரின்ட் எடுத்துப் பாருங்கள். பிடித்தால் மட்டும் நிறுவுங்கள். நிறுவும் முன் உள்ளே இருப்பதையெல்லாம் வேறு இடத்தில் நகலெடுத்து வையுங்கள்.

ஆக, தீர்ப்பு இதுதான். எந்தக் கம்ப்யூட்டர், எந்த மென்பொருள் என்பதைவிட, அதற்கு இன்றைக்கும் அப்டேட் வருகிறதா என்பதே முதல் கேள்வி. உங்கள் போனுக்கும் இதே கேள்விதான். செட்டிங்ஸில் கடைசிப் பாதுகாப்பு அப்டேட் எந்தத் தேதியில் வந்தது என்று இப்போதே பார்த்துவிடுங்கள்.

இந்த வாரம் மூன்று வேலை மட்டும் செய்யுங்கள்.

ஒன்று, முக்கியமான போட்டோக்களையும் ஆவணங்களையும் தனி ஹார்ட் டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ நகலெடுத்து, கழற்றி வையுங்கள். எப்போதும் செருகியே இருந்தால் ரேன்சம்வேர் அதையும் பூட்டிவிடும்.

இரண்டு, டவுன்லோட் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். வேலை முடிந்த ஆதார், சான்றிதழ் நகல்களை அழியுங்கள், ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள். ஆதார் பி.டி.எஃப்.புக்குப் பாஸ்வேர்டு இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த ஆண்டும்தான் அது. உங்களைத் தெரிந்த யாரும் ஊகித்துவிடலாம். கடையில் பிரின்ட் எடுத்தால், வெளியே வரும் முன், "அண்ணா, அந்த ஃபைலை அழிச்சிடுங்க" என்று கேட்டு, அழித்ததைப் பார்த்துவிட்டு வாருங்கள். கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

மூன்று, திருட்டு மென்பொருள் இருந்தால் நீக்குங்கள். அதற்கு இணையான இலவச மென்பொருள் பெரும்பாலும் கிடைக்கும்.

இவ்வளவுக்கும் பிறகு இணைய மோசடியில் பணம் போனால், தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் புகார் செய்யலாம். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை நிறுத்தி வைக்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

சித்தப்பா கடையில் இப்போது வேறு கம்ப்யூட்டர் இருக்கிறது. பிரின்டர் பக்கத்தில் அவரே கைப்பட எழுதி ஒட்டிய ஒரு தாளும் இருக்கிறது: "பிரின்ட் எடுத்ததும் உங்கள் ஃபைல் அழிக்கப்படும். மறந்தால் ஞாபகப்படுத்தவும்." போன மாதம் போயிருந்தபோது, ஒரு பாட்டி வெளியே போகும் முன் திரும்பி நின்று, "தம்பி, என்னுத அழிச்சிட்டியா?" என்று கேட்டார். சித்தப்பா ஸ்கிரீனை அவர் பக்கம் திருப்பிக் காட்டினார்.